இருபது கிலோ, ஆயிரம் மீட்டர்

எங்கள் வீட்டுக்கும் வாணி வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். ஸ்கெலட்டன் என்கிற எங்கள் குடியிருப்பில் யாரும் பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. நாம் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் அது காதில் விழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் விழுந்தது முட்டைச் சண்டை.

“ரெண்டு முட்டைம்மா. தெனம் ரெண்டே ரெண்டு அவிச்சு வையின்னுதான கேக்கறேன்.”

“அது ராகேஷுக்கு வாங்கி வெச்சது. ஆம்பளப் புள்ள, ஜிம்முக்குப் போறான். நீ ஆபீஸ்ல ஒக்காந்துனுதான கீற? உனக்கு எதுக்கு முட்ட?”

“வாங்கனது யாரு?”

சாரதா அத்தை பாத்திரத்தை உருட்டினார். வாணியின் அம்மா அவர். பிடிக்காத கேள்வி வந்தால் அவருக்கு அதுதான் வேலை. சற்று நேரத்தில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வாணி நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழுத கண் இல்லை.

“ரெபேக்காக்கா, உன் போன்ல ஸ்டாப்வாட்ச் கீதா?”

வாணிக்கு அப்போது இருபத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்தவள். ஒல்லியாக, கால் மட்டும் நீளமாக இருப்பாள். பி.காம். முடித்ததும் பெங்களூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. விடியுமுன் மாரிக்குப்பம் ரயில், போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், நடுவில் ஒன்பது மணி நேரம் நாற்காலி. காலையில் பிளாட்பாரத்து வடை, சாயங்காலம் ரயிலில் விற்கும் கடலையும் போண்டாவும், வீடு வந்ததும் மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் வழித்துப் போட்ட தட்டு. ஆறு வருடத்தில் ஐம்பத்தாறு கிலோ எண்பத்திரண்டு ஆனது. அவள் அப்பா ராஜேந்திரன் சுரங்கம் மூடியபோது வேலை போனவர். அன்றிலிருந்து பெங்களூரில் ஏதாவது ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன், வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். தம்பி ராகேஷுக்கு இருபத்து நான்கு. டிப்ளமோவில் நாலு பேப்பர் பாக்கி. காலையும் மாலையும் ஆண்டர்சன்பேட்டை ஜிம்மில் இருப்பான். வீடு ஓடியது வாணியின் சம்பளத்தில். ராகேஷின் ஜிம்மும் அவன் கலக்கிக் குடிக்கும் புரோட்டீன் பவுடரும் அதில்தான்.

வாணி அப்போதுதான் ரயில்வே குரூப் டி எழுத்துத் தேர்வு எழுதியிருந்தாள். விடைகளைச் சரிபார்த்ததில் தேறிவிடுவாள் என்று தெரிந்தது. அடுத்தது உடல் தகுதித் தேர்வு. பெண்கள் இருபது கிலோ எடையைக் கீழே வைக்காமல் இரண்டு நிமிடத்தில் நூறு மீட்டர் சுமக்க வேண்டும். பிறகு ஆயிரம் மீட்டரை ஐந்து நிமிடம் நாற்பது விநாடியில் ஓடி முடிக்க வேண்டும். ஒரே வாய்ப்பு. தவறினால் எழுதியது எல்லாம் வீண்.

நான் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். என் கணவர் வால்டர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்கு வேலை இல்லை. சரி என்றேன்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பழைய ஃபுட்பால் மைதானத்தை மூன்று முறை சுற்றினால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். முதல் நாள் வாணி ஒரு சுற்று முடிக்கவில்லை. கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கைதட்டினான்.

“எத்தினி?” என்று கேட்டாள்.

“ஒரு ரவுண்டுகூட ஆவல. ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சி.”

அவள் தரையில் துப்பினாள். பள்ளியில் தன் கூட ஓடியவர்கள் பெயரை எல்லாம் சொல்லி, அவர்களைத் தான் எப்படி முந்தினாள் என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். பிறகு, “இது என் ஒடம்பே இல்லக்கா. யாரோ என் மேல ஏறி ஒக்காந்துனு கீறாங்க” என்றாள்.

எடைக்கு, வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய மணலை அரிசிச் சாக்கில் நிரப்பினோம். சரியாக இருபது கிலோ வேண்டும். கணேஷ்குமார் மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, மணல் யாவாரம் ஆரம்பிச்சுட்டியா?”

“ரயில்வே டெஸ்ட்டுங்க. தூக்கினு நடக்கணும்.”

அவர் சாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “உன்னத் தூக்கினு நடக்கறதே பெருசு, இத வேற தூக்கணுமா?” என்று சிரித்தார். கடையில் நின்றிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வாணி சாக்கைத் தோளில் ஏற்றினாள். கடையிலிருந்து வீடு வரை, ஒரு முறைகூட இறக்காமல், நான் கை கொடுக்கப் போனபோது முறைத்துவிட்டு நடந்தாள். நூறு மீட்டர் இல்லை, நானூறு மீட்டராவது இருக்கும். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, சுமப்பது அவளுக்குப் பிரச்சினை இல்லை. ஓட்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடினால் எங்கே உருப்படுவது. ஆபீசில் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டாள். காரணம் கேட்ட மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, “ஓடறதா? நீங்களா?” என்றாராம். அவ்வளவுதான். தன் இடத்துக்குப் போய் ராஜினாமாவை அடித்து அனுப்பிவிட்டு, மத்தியான ரயிலில் ஏறிவிட்டாள்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் நடந்ததை நான் முழுதும் எழுத முடியாது. சாரதா அத்தை மூன்று நாள் சாப்பிடவில்லை, அல்லது சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டார். ராஜேந்திரன் மாமா வந்தார்.

“ஒரு வார்த்த சொல்லிட்டு செஞ்சிருக்கலாமில்ல” என்றார்.

“ஆறு வருஷமா நீ எனக்கு எத்தினி வார்த்த சொன்னப்பா?” என்றாள் வாணி.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வீட்டில் எது நடந்தாலும் அவர் படியில் வந்துதான் உட்காருவார்.

வாணி சேமிப்பிலிருந்து வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, தனியாக ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொண்டாள். கொள்ளும் முட்டையும் கீரையும் தானே சமைத்துத் தின்றாள். காலையில் நடை, சாயங்காலம் நான் வந்ததும் ஓட்டம். மாதக் கடைசியில் இரண்டு சுற்று நிற்காமல் ஓடினாள். கோடைக்காற்று, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளை மண்ணை வாரிக்கொண்டு வந்து கண்ணில் அடிக்கும். துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடுவாள். எடை எழுபத்தெட்டுக்கு வந்தது.

அப்போதுதான் அந்த வீடியோ.

இரண்டாவது பீரியடில் என் கூட வேலை செய்யும் லூயிசா போனை நீட்டி, “இது உங்க பக்கத்து வூட்டுப் பொண்ணுதான?” என்று கேட்டாள். வாணி ஓடுவதைப் பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். வீடியோவை மெதுவாக ஓட வைத்து, அவள் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் யானை பிளிறும் சத்தம் சேர்த்திருந்தார்கள். கீழே சிரிக்கும் பொம்மைகள். யார் ஸ்டேட்டஸில் முதலில் வந்தது என்று கேட்டேன். லூயிசா தயங்கிவிட்டுச் சொன்னாள். ராகேஷ்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் வாணிக்குத் தெரிந்துவிட்டது. தெருவுக்கே தெரிந்திருந்தது. அவள் வாசலில் நின்றிருந்தாள். கையில் அந்தப் பெரிய கறுப்பு டப்பா, ராகேஷின் புரோட்டீன் பவுடர், புதிதாகப் பிரித்தது. நான் பார்க்கப் பார்க்க அதை வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். சாக்கடை நுரைத்துக்கொண்டு பொங்கியது.

ராகேஷ் உள்ளேயிருந்து ஓடி வந்தான். “ஏய், லூசா நீ? அது எவ்ளோன்னு தெரியுமா?”

“எனக்குத் தெரியாம யாருக்குடா தெரியும்?”

“சும்மா காமெடிக்குப் போட்டேன். ஃபன்னுக்கு. எல்லாரும் லைக் பண்ணாங்க.”

“டெலீட் பண்ணு.”

“பண்றேன். அதுக்கு பவுடரக் கொட்டுவியா நீ?” அவன் கை ஓங்கிவிட்டான். ஜிம்மில் வளர்த்த கை. வாணி அதை நடுவழியில் பிடித்துக்கொண்டாள்.

“அடி. தெருவே பாக்கட்டும். இத யாராவது வீடியோ எடுங்க” என்றாள், போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்ற எங்களைப் பார்த்து. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லோரும் போனைக் கீழே இறக்கினார்கள். ராகேஷ் கையை உதறிக்கொண்டு உள்ளே போனான். சாரதா அத்தை கதவோரம் நின்று, “தம்பி வளர்ற புள்ள, அவன் வாயில மண்ணப் போட்டியேடி” என்று அழுதார்.

வளர்கிற பிள்ளை. இருபத்து நான்கு வயது. எனக்கே உடம்பு எரிந்தது.

அதன் பிறகு வாணி ஓடிய ஓட்டம் வேறு மாதிரி இருந்தது. மைதானத்தில் இறங்கியதும் யாரையோ அடிக்கப் போகிறவள் போலப் பாய்வாள். முதல் சுற்று ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாவது சுற்றின் பாதியில் மூச்சு அடைத்து நின்றுவிடுவாள். தினமும் இதே கதை. முழங்கால் வீங்கியது. நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவள் மூன்றாவது தடவையாக ஓடக் கிளம்பியபோது கையைப் பிடித்தேன்.

“இன்னிக்குப் போதும் வாணி. கால் போயிடும். மெதுவா ஆரம்பி. கோவத்த வூட்ல வெச்சிட்டு வா.”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். “நீ சொல்லாத. உன் புருஷன் மூணு வருஷமா ஊருக்கு வரல. ஏன்னு கேக்க உனக்குக் கோவம் வந்துச்சா? நீ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட.”

கிரிக்கெட் ஆடுகிறவர்கள் காதிலும் விழுந்திருக்கும். போனில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஒன்பது நாள் மைதானத்துப் பக்கம் போகவில்லை. அவள் காலடிச் சத்தம் வாசலில் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டேன். முட்டைக்கும் வீடியோவுக்கும் அவள் பக்கம் நின்ற என்னை அவள் அப்படிக் குத்தியிருக்க வேண்டாம்.

பத்தாம் நாள் பள்ளி விட்டபோது கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். நொண்டிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தாள். முழங்காலில் பட்டை கட்டியிருந்தது.

“டாக்டர்கிட்ட போனேன். ஒரு வாரம் ஓடக் கூடாதுன்னுட்டாரு. அப்பால மெதுவா ஓடணுமாம். நீ சொன்னதேதான்” என்றாள். பிறகு, “நான் பேசனது தப்புக்கா. எல்லார் முன்னாடியும் பேசியிருக்கக் கூடாது” என்றாள்.

“தனியாப் பேசியிருந்தா சரியா?”

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். “ஆமா” என்றாள்.

அவளிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அதுதான். மன்னிப்புக் கேட்கும்போதும் பொய் சொல்ல மாட்டாள். அவள் நொண்டலுக்கு ஏற்ப மெதுவாக வீடு வரை நடந்தோம். அன்று மாலை வால்டரைக் கூப்பிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது தேதி இல்லை, எனக்குத் தேதி வேண்டும் என்றேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அப்படி நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் கழித்து டிசம்பரில் ஒரு தேதி அனுப்பினார்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. முழங்கால் சரியானதும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. முதல் சுற்றில் ஒன்று நாற்பதுக்குக் குறைந்தால் நான் விசில் அடிப்பேன். எல்.கே.ஜி. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கும் விசில். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “அந்த சனியனை ஊதாத” என்று கத்திக்கொண்டே வேகத்தைக் குறைப்பாள். மூன்றாவது வாரம் முதல் தடவையாக மூன்று சுற்றும் முடித்தாள். ஆறு நிமிடம் ஐந்து விநாடி. கடைசி வாரம் ஐந்து ஐம்பதில் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை. எடை எழுபத்திரண்டு.

தேர்வு ஹூப்ளியில். நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். மைதானத்து வேலிக்கு வெளியேதான் என்னை நிற்க விட்டார்கள். வெவ்வேறு ஊர்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பாதிப் பேர் இருபது வயதுக்காரிகள், கொடி மாதிரி. ஒருத்தி வாணியைப் பார்த்துவிட்டுத் தோழியிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். வாணி திரும்பி, “நானூ டெஸ்ட்டிகே பந்தித்தீனி” என்று, தானும் டெஸ்ட்டுக்குத்தான் வந்திருப்பதாகக் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூட்டையை வாணி ஒரு நிமிடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளைப் பற்றிப் பேசிய அந்தக் கொடி மாதிரிப் பெண் எழுபதாவது மீட்டரில் மூட்டையை நழுவவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த மைதானத்தில் ஓட்டம் இரண்டரைச் சுற்று. விசில் ஊத எனக்கு அனுமதி இல்லை. அவளாகவே தன்னை அடக்கிக்கொண்டு, பின்வரிசையில், கிட்டத்தட்ட கடைசியாக ஓடினாள். வேலிக்கு வெளியே என் பக்கத்தில் நின்றவர்கள் இந்தப் பெண் முடிக்காது என்றார்கள். இரண்டாவது சுற்று முடியும்போது என் போன் நான்கு நிமிடம் முப்பத்தைந்து காட்டியது. இன்னும் இருநூறு மீட்டர். இதே வேகத்தில் போனால் நாலைந்து விநாடி தவறிவிடும். வளைவில் வாணி தலையைத் தாழ்த்திக்கொண்டாள். இத்தனை வாரம் நான் அடக்கச் சொன்ன பாய்ச்சல் அப்போது வந்தது. ஆறு பேரைத் தாண்டினாள். கோட்டைத் தொட்டதும் முன்னால் குப்புற விழுந்தாள்.

ஐந்து நிமிடம் முப்பத்தெட்டு.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம். வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சந்தோஷமா என்று கேட்டேன்.

“சந்தோஷம்லாம் ஒண்ணுமில்ல. கடைசி வளைவுல எல்லார் மூஞ்சியும் வந்துச்சி. மேனேஜரு, கடக்காரரு, ராகேஷு. ஒவ்வொருத்தரையா தள்ளினு வந்தேன்” என்றாள். பிறகு, “அம்மா மூஞ்சியத்தான் தள்ள முடியல” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் நாங்கள் ஊர் திரும்பியபோது சாரதா அத்தை வாசலில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். தெருவே கூடியிருந்தது. ராகேஷ் இறுக்கமான பனியனில் நடுவில் நின்றான்.

“எல்லாம் என் புள்ள குடுத்த ட்ரெய்னிங்கு. அவன் சொல்லிக் குடுக்கலன்னா இவளுக்கு இன்னா தெரியும்” என்றார் அத்தை. ராகேஷ் மறுக்கவில்லை. “டயட்தான் முக்கியம் ஆன்ட்டி” என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தான்.

வாணி பையைக் கீழே வைத்தாள். அம்மா கையிலிருந்த தட்டை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு ட்ரெய்னிங் குடுத்தது இவங்க. இவன் குடுத்தது என்னான்னு உங்க போன்லயே பாத்திருப்பீங்க. எங்கம்மா எனக்கு ஒரு முட்ட அவிச்சுக் குடுக்கல. இனிமே யாராவது ராகேஷாலதான் நான் ஓடனேன்னு சொன்னா, நான் அவங்க வூட்டுக்கே வந்து கேப்பேன்.”

ராஜேந்திரன் மாமா வழக்கம்போலப் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தார். மகளின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் எழுந்தார்.

ஐந்து மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. ரயிலைத் தடம் மாற்றிவிடும், பெட்டிகளைக் கோர்க்கும் பாயிண்ட்ஸ்மேன் வேலை, துமகூருக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷன். பெண்ணாக இருந்தாலும் பெயர் பாயிண்ட்ஸ்மேன்தான். வாணி இரண்டு பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். எடை எழுபதிலேயே நிற்கிறது, அதற்குக் கீழே போகவில்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. காலையில் தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில் ஓடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்வாள். அங்கும் அவளுக்குச் சண்டைதான். லேடீஸ் எல்லாம் கொடியை ஆட்டினால் போதும், இரும்பைத் தொட வேண்டாம் என்று சொன்ன சகாயம் என்கிற சீனியரோடு ஒரு வாரம் பேசவில்லை. இப்போது அவர் அவளைக் கூப்பிட்டுத்தான் வேலை வாங்குகிறார்.

போன வாரம் சாரதா அத்தை என் வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். டீ வைத்தேன்.

“உனக்கு மட்டும் வாராவாரம் போன் பண்றா. நான் பண்ணா எடுக்கறதில்ல. இன்னும் கோவமாத்தான் கீறாளா?”

“ஆமா அத்தே.”

“எத்தினி நாளைக்கு?”

“நீங்க ஒருவாட்டி தப்புன்னு சொன்னா போதும்னு சொல்றா.”

“பெத்தவ புள்ளகிட்ட அத எப்பிடி சொல்லுவா?”

“வாயாலதான் அத்தே” என்றேன்.

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். நான் திரும்பக் கூப்பிடவில்லை.